பிள்ளைகளைக் காக்கும் கமிட்டிகள்: பலனை அளப்பது எப்படி?

(சங்கங்களுக்கும் படிப்பு வட்டங்களுக்கும் உரிய பாடம்)



பிள்ளைகளைக் காப்பதற்கென்று நம் நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. பால்ய விவாகத்தைத் தடுக்க 2006-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள்மேல் நடக்கும் பாலியல் கொடுமையைத் தண்டிக்க 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் இருக்கிறது. ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்புக்கு 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காக எவரும் காசில்லாமல் கூப்பிட 1098 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. இவற்றையெல்லாம் கிராமத்து வாசலுக்குக் கொண்டுவர ஊர்தோறும் ஒரு கமிட்டியும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படியிருக்க, கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு கிராமத்தில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அவளுடைய தாய்மாமனைப் பேசி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் கல்யாணம். அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? அவள் சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? கேட்டவர் என்ன செய்வார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்குமானால் அந்த ஊரில் பாதுகாப்பு இருக்கிறது. விடை இல்லையானால், சட்டப் புத்தகம் இருந்தும், கமிட்டி ரிஜிஸ்தர் இருந்தும், பாதுகாப்பு இல்லை.

ஆகவே இந்த வாரப் பாடத்தில் நாம் ஆராயப்போகும் விஷயம் யாதெனில்: ஊரிலும் அகதி முகாமிலும் பிள்ளைகளைக் காக்கவென்று ஏற்பட்ட ஏற்பாடுகள் உண்மையில் காக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? இது கலெக்டர் ஆபீசுக்கு மட்டும் உரிய கேள்வி என்று எண்ண வேண்டாம். பிள்ளை நம்முடையது, அளக்கும் கடமையும் நம்முடையதே.

1. வேலை வேறு, பலன் வேறு

2009-ல் மத்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. இப்போது அதற்கு மிஷன் வாத்ஸல்யா என்று பெயர். இத்திட்டத்தின்படி கிராமத்தில் ஊராட்சித் தலைவர் தலைமையில் ஒரு கமிட்டி கூட வேண்டும். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், ஊர்ப் பெரியோர் ஆகியோருடன் பிள்ளைகளின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் வார்டு அளவில் இவ்வேற்பாடு.

ஏற்பாடு நல்லதே. ஆனால் அதன் ரிஜிஸ்தரைத் திறந்தால் பெரும்பாலும் என்ன காண்போம்? கூட்டம் நடந்த தேதி, வந்தவர்களின் கையெழுத்து, பேசிய தலைப்பு, ஒட்டிய சுவரொட்டிகளின் எண்ணிக்கை. இவையெல்லாம் செய்த வேலையின் கணக்கு. பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனின் கணக்கு அதில் இராது.

நம் குடியானவர்களுக்கு இவ்வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியமில்லை. எத்தனை வண்டி எரு அடித்தோம், எத்தனை முறை களை எடுத்தோம் என்பது வேலைக் கணக்கு. களத்தில் கேழ்வரகைத் தூற்றி மூட்டை கட்டிய பின் சொல்வதுதான் விளைச்சல் கணக்கு. எரு அடித்ததைக் காட்டி மகசூல் என்று சொன்னால் எந்தக் குடியானவனும் சிரிப்பான். பிள்ளைகளின் காரியத்தில் மட்டும் நாம் சிரிக்காமல் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

2. நம் மாவட்டம் கற்ற பாடம்

பலனை அளப்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு, அதைச் செய்து காட்டியதே நம் தருமபுரி மாவட்டந்தான் என்று சொல்லலாம். அது வெட்கமும் வேதனையும் கலந்த சரித்திரம். ஆயினும் அறிந்துகொள்ள வேண்டியது.

பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் பாவம் மதுரைப் பக்கத்தில் உசிலம்பட்டியிலும், சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் வழங்கிவந்தது நீங்கள் அறிந்ததே. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசாங்கம் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாமென்கிறவர்கள் அதைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுவிட்டால் அரசாங்கம் வளர்க்கும் என்பதே ஏற்பாடு. 2001-ல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி. இந்த வருஷம் தொட்டிலில் சென்ற வருஷத்தைவிட அதிகக் குழந்தைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இது திட்டத்தின் வெற்றியா, தோல்வியா? சாகவிருந்த சிசுக்கள் பிழைத்தன என்று ஒருவர் மகிழலாம். பெற்றவர்கள் பெண்ணைக் கைவிடுவதற்கு அரசாங்கமே வழி காட்டிவிட்டது என்று மற்றொருவர் வருந்தலாம். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகையால் தொட்டிலின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. தொட்டிலுக்கு வெளியே வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்த முயற்சியும் நம் மாவட்டத்தில் நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழியாகப் பிறப்பையும் சிசு மரணத்தையும் ஆண், பெண் என்று பிரித்துக் கணக்கெடுத்தார்கள். இயற்கையில் பிறந்த சில நாட்களுக்குள் இறக்கும் சிசுக்களில் ஆண்களே சற்று அதிகம். பெண் சிசு அந்நாட்களில் உறுதியானது. ஆகவே ஓர் ஊரில் பிறந்தவுடன் இறப்பவை பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தால், அங்கே நோயைத் தவிர வேறொரு கையும் இருக்கிறதென்று அறியலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமலே கணக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

அதன்பின் 1998-ல் கலைப்பயணம் என்ற பெயரில் நாடகக் குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்று, ஜனங்கள் வெளியே பேச அஞ்சிய விஷயத்தைப் பாட்டிலும் நாடகத்திலும் சந்தியில் வைத்துப் பேசின. பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும், ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் இம்முயற்சியை ஆராய்ந்து 2000-ல் எழுதினார்கள். எத்தனை நாடகம் போட்டோம் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பெண் சிசு மரணம் குறைந்ததா என்று பார்த்தார்கள். குறைந்தது என்று கண்டார்கள். நாம் கற்க வேண்டிய முறை இதுவே.

ஜனத்தொகைக் கணக்கும் ஒரு சாட்சி சொல்லுகிறது. தருமபுரி மாவட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1,000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 2001-ல் 826 பேர். 2011-ல் 913 பேர். பத்து வருஷத்தில் இது சிறிய மாற்றமன்று.

ஆனால் அவசரப்பட்டு மகிழக்கூடாது. மூன்று எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். முதலாவது, இயற்கையாகப் பிறப்பில் ஆண் 1,000-க்குப் பெண் சுமார் 950 இருக்க வேண்டும். 913 என்பது இன்னும் குறைவே. இரண்டாவது, பிறந்தபின் கொல்வது குறைந்தாலும், ஸ்கேன் கருவியால் கண்டுபிடித்து வயிற்றிலேயே அழிப்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். 1994-ம் வருஷத்துச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆயினும் திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்க்கும் கூட்டங்கள் நம் மாவட்டத்தில் அண்மை வருஷங்களிலும் பிடிபட்டதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறீர்கள். ஒரு வாசலை அடைத்தால் பாவம் மறு வாசலில் நுழையும். எனவே எல்லா வாசல்களையும் பார்க்கும் கணக்கே கணக்கு. மூன்றாவது, மாற்றம் எதனால் வந்தது? தொட்டிலாலா, நாடகத்தாலா, போலீஸ் நடவடிக்கையாலா, பெண்களின் படிப்பாலா, மகளிர் குழுக்களாலா? எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்றை மட்டும் எடுத்து மாலை போடுவது நேர்மையாகாது.

3. முகாமின் நிலைமை

இனி அகதி முகாம்களைப் பார்ப்போம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழ் மக்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் குடியேற்றப்பட்டார்கள். அதன் பின்னும் போர் மூளும்போதெல்லாம் வந்தார்கள். இன்றும் சுமார் 58,000 பேர் முகாம்களில் வாழ்கிறார்கள். நம் மாவட்டத்தில் தும்பலஅள்ளி, நாகாவதி, கேசர்குளி முதலிய அணைக்கட்டுகளின் ஓரத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். 2021-ல் அரசாங்கம் அகதி முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, பழுதடைந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகள் கட்டவும் தொடங்கியது.

முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இன்று பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. பல குடும்பங்கள் பத்தடிக்குப் பத்தடி அறையில் காலந்தள்ளின. ஆண்கள் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போவார்கள்; தணிக்கை நாளில் ஆஜராக வேண்டுமென்று திரும்பி ஓடிவருவார்கள். இந்த நிலைமையில் பிள்ளைகளைக் காப்பது ஊரில் காப்பதைவிடக் கடினம்.

அங்கே உழைத்தவர்களும் உண்டு. 1984-ல் சந்திரகாசன் அவர்கள், இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் குமாரர், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை ஏற்படுத்தினார். அகதிகளே அகதிகளுக்கு ஊழியம் செய்வது என்பது அதன் வழி. 1980-ல் சேசு சபைத் தலைவர் அருப்பே சுவாமியார் தொடங்கிய சேசு சபை அகதிகள் பணியும் 1990 முதல் இங்குள்ள முகாம்களில் மாலை வகுப்பு முதலியவற்றை நடத்திவந்திருக்கிறது.

இப்படிப்பட்ட முயற்சிகளை மதிப்பிடும்போது முகாமுக்கே உரிய சில கஷ்டங்களை நினைவில் வைக்க வேண்டும்.

புகாரின் எண்ணிக்கை முகாமில் மிகவும் ஏமாற்றும். வருஷம் முழுவதும் ஒரு புகாருமில்லை என்றால் முகாம் சுகமாயிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். பயந்திருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். போலீஸ் என்றாலே தங்கள் இருப்புக்கே ஆபத்து என்று அஞ்சும் குடும்பம், பிள்ளைக்கு நேர்ந்ததை வாய்திறந்து சொல்லுமா? ஒரே வரிசையில் பத்தடி தூரத்தில் குடியிருக்கும் அண்டை வீட்டான் குற்றவாளியானால், சொல்லிய பின் அப்பிள்ளை எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? கமிட்டியில் இருப்பவரே குற்றவாளிக்கு உறவானால் யாரிடம் முறையிடுவது? ஆகையால் புகார் இல்லாத முகாமைப் பார்த்தவுடன் சர்டிபிகேட் கொடுத்துவிடக்கூடாது. நல்ல கமிட்டி ஏற்பட்ட இடத்தில் முதல் ஓரிரு வருஷங்களில் புகார் கூடுவதே இயல்பு. கதவு திறந்திருக்கிறது என்று ஜனங்கள் நம்பத் தொடங்கியதற்கு அது அடையாளம்.

மாலை வகுப்புக்கும் இதே நியாயந்தான். இத்தனை பிள்ளைகள் பரீட்சையில் தேறினார்கள் என்பது சந்தோஷமே. ஆனால் வகுப்புக்கே வராமற்போன பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை? இருட்டிய பின் கழிப்பிடத்துக்குத் தனியே போகப் பெண் பிள்ளை பயப்படுகிறாளா? தகப்பன் குடித்துவிட்டு வரும் இரவில் அப்பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறது? இக்கேள்விகளைக் கேளாத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

மற்றொன்று. 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயினும் 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பிள்ளைகளின் உரிமை ஒப்பந்தத்தை 1992-ல் ஏற்றுக்கொண்டது. போக்சோ சட்டத்தில் பிள்ளை என்றால் 18 வயது நிரம்பாத எவரும் என்பதே பொருள். குடியுரிமைச் சீட்டு கேட்கப்படுவதில்லை. முகாம்வாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டறிவதே ஒரு நல்ல அளவுகோல்.

4. தூர தேசத்தின் அனுபவம்

ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்ற சிறு தேசம். 1991 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. சிறுவர்கள் கையிலும் துப்பாக்கி கொடுத்தார்கள். போருக்குப் பின் 2007-ல் ஒரு சட்டமியற்றி, கிராமந்தோறும் பிள்ளைகள் நலக் கமிட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். நம் நாட்டு ஏற்பாட்டைப் போன்றதே.

மைக்கேல் வெஸ்ஸல்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 2009-ல் பல தேசங்களிலுள்ள இத்தகைய கமிட்டிகளைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளைத் திரட்டி ஆராய்ந்தார். பெரும்பாலான அறிக்கைகள் வேலையைத்தான் எண்ணியிருந்தன; பிள்ளைகளுக்கு விளைந்த பலனுக்கு உறுதியான சாட்சி மிகச் சொற்பம் என்று கண்டார். ஜனங்கள் தங்களுடையது என்று எண்ணி நடத்தும் கமிட்டி நிலைக்கும். வெளியார் பணத்துக்காக வைத்த கமிட்டி பணம் நின்றவுடன் படுத்துவிடும் என்பது அவர் கண்ட மற்றொரு முடிவு.

பின்பு அவரும் துணைவர்களும் சியரா லியோனின் கிராமங்களில் தங்கி, ஜனங்களோடு பழகி விசாரித்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டார்கள். குடும்பத்தாரிடம், ஊர்த் தலைவனிடம் என்றே பெரும்பாலும் பதில் வந்தது. கமிட்டியிடம் போகிறவர்கள் அபூர்வம். அதன்பின் மொயாம்பா, பொம்பாலி என்ற இரண்டு ஜில்லாக்களில் சில கிராமத்தாரையே கூட்டி, உங்கள் பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளில் எதை முதலில் எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சிறு வயதிலேயே பெண்கள் கர்ப்பமாகிப் படிப்பை இழப்பதை அவர்கள் எடுத்தார்கள். தாங்களே வழி வகுத்துத் தாங்களே நடத்தினார்கள். வெளியார் கட்டளையிட்டிருந்தால் இவ்வளவு ஊக்கம் வந்திராது. ஒப்பிட்டுப் பார்க்க, அம்முயற்சி நடவாத வேறு கிராமங்களையும் கூடவே கவனித்தார்கள். இந்த ஒப்பீடு மிக அவசியம். நம் ஊரில் குறைந்ததெல்லாம் நம்மால் குறைந்தது என்று சொல்லுமுன், நாம் ஒன்றும் செய்யாத பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்க வேண்டாமா?

5. ஐந்து சோதனைகள்

இதுவரை கண்டவற்றைக் கொண்டு, நம் ஊர்க் கமிட்டியையோ, முகாமிலுள்ள ஏற்பாட்டையோ, ஒரு சங்கம் நடத்தும் பணியையோ சோதிக்க ஐந்து கேள்விகள் போதும்.

முதல் சோதனை: பிள்ளைகளுக்குத் தெரியுமா? கமிட்டி உறுப்பினரிடம் கேட்டுப் பயனில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கேளுங்கள். உனக்குப் பயம் வந்தால் யாரிடம் சொல்லுவாய்? 1098 என்றால் என்ன? பத்தில் எத்தனை பேர் விடை சொல்லுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

இரண்டாவது: ஜனங்கள் அங்கே போகிறார்களா? தெரிந்திருப்பது ஒன்று, நம்பிப் போவது வேறு. சென்ற வருஷம் ஊரில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கஷ்டங்களில் எத்தனை கமிட்டிக்கு வந்தன? எத்தனை பஞ்சாயத்துப் பேசி மூடப்பட்டன? ஏழைக் குடும்பத்தார், தாழ்த்தப்பட்டவர் தெருவில் இருப்பவர், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி, இவர்கள் வருகிறார்களா?

மூன்றாவது: பிள்ளையின் வாழ்வில் என்ன மாறியது? ஒரு பால்ய விவாகத்தை நிறுத்தியதோடு கணக்கை மூடிவிடக்கூடாது. இந்த மாதம் நிறுத்திய கல்யாணத்தை அடுத்த மாதம் வேறோர் ஊர்க் கோவிலில் வைத்து முடித்துவிடுவது உண்டு. ஆறு மாதத்துக்குப் பின் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? பள்ளியில் இருந்தால் பலன். வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், அல்லது மில் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தால், நாம் ஒரு தீங்கை வேறொரு தீங்காக மாற்றியிருக்கிறோம், அவ்வளவே.

இதற்குப் புகார்களை எண்ணாமல் வேறு வழியில் அளக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களைக் கேட்டு, 18 வயதுக்கு முன் மணமானவர்கள் யாரென்று கணக்கெடுத்தார்கள். இந்தியா முழுவதிலும் 100-க்கு 23.3 பேர், தமிழ்நாட்டில் 12.8 பேர். போலீசுக்கு வந்த வழக்குகளின் எண்ணிக்கை இந்த உண்மையை ஒருபோதும் காட்டியிராது. நம் ஊரில் இன்னும் சுலபமான வழி உண்டு. எட்டாம் வகுப்பில் பெண்கள் எத்தனை, இரண்டு வருஷத்துக்குப் பின் பத்தாம் வகுப்பில் எத்தனை என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். முப்பது பேர் இருபத்து நாலாகியிருந்தால் ஆறு பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வி அங்கேயே பிறக்கும். ஆண் பிள்ளைகளையும் அவ்வாறே எண்ணுங்கள்; செங்கல் சூளைக்கும் கல் வேலைக்கும் போனவர்கள் அதில் அகப்படுவார்கள்.

நான்காவது: நம் முயற்சியால் தீங்கு விளைந்ததா? புகார் சொன்ன பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் பரவியதா? தாயை ஊரார் ஒதுக்கினார்களா? பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி மறுபடி மறுபடி கேட்டார்களா? காக்கப் போனவர்களால் பிள்ளை இரண்டாம் முறை காயப்படுவது நடக்கக்கூடியதே. நல்லெண்ணம் இருந்தால் தீங்கு வராது என்பது தவறான எண்ணம்.

ஐந்தாவது: நாளைக்கும் நிற்குமா? பணம் தரும் ஸ்தாபனம் போனபின், ஊக்கமுள்ள ஒரு டீச்சர் மாற்றலாகிப் போனபின், கமிட்டி இருக்குமா? ஒரே ஆளின் தோளில் நிற்கும் பந்தல் அந்த ஆள் நகர்ந்தவுடன் விழும்.

6. அளக்கும்போது செய்யத் தகாதவை

சோதனை செய்கிறோம் என்று பிள்ளைகளிடம் போய், உனக்கு யாராவது தீங்கு செய்தார்களா என்று கேட்கக் கூடாது. அது அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பதிலாக ஊரின் படத்தை வரையச் சொல்லி, எந்த இடம் உங்களுக்குச் சந்தோஷம், எந்த இடம் பயம் என்று குறிக்கச் சொல்லுங்கள். விளக்கில்லாத சந்து, சாராயக் கடை வாசல், தண்ணீர் நிற்கும் கல்குழி, கூட்டமான பஸ் என்று அவர்களே காட்டுவார்கள். பெரியவர்கள் இருபது வருஷமாகப் பார்த்தும் காணாததைப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் காட்டிவிடுவார்கள்.

ஆனால் பேச்சின் நடுவே ஒரு பிள்ளை தானாகவே ஒரு கொடுமையைச் சொல்லிவிட்டால், கேட்டவர் அதை மூடி வைக்கக் கூடாது. பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் கட்டளை. குடும்ப மானம், ஊர் மானம், சங்கத்தின் மானம் என்ற எதுவும் இதற்குத் தடையாக நிற்க முடியாது. அதே சட்டம் பிள்ளையின் அடையாளத்தைப் பத்திரிகைகளில் வெளியிடுவதைத் தண்டிக்கிறது. சுருங்கச் சொன்னால், உரியவரிடம் சொல், ஊராரிடம் சொல்லாதே.

7. நம்முடைய வீட்டிலிருந்தே

பிறர் கமிட்டியை அளக்கக் கோல் எடுத்த நாம், அதே கோலால் நம்மையும் அளக்க வேண்டும். ஞானோபதேச வகுப்பு, பாடகர் குழு, பீடச் சிறுவர், விடுதி, கோடைக்கால முகாம், இவற்றிலெல்லாம் பிள்ளைகள் நம்மை நம்பி வருகிறார்கள். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ல், "நீங்கள் உலகின் ஒளி" என்ற பெயரால் ஒரு சட்டம் வெளியிட்டார். குருக்களும் துறவிகளும் தாங்கள் அறிந்த கொடுமையைத் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும், புகாரைப் பெறுவதற்கு ஒவ்வொரு மேற்றிராசனத்திலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் அதில் விதித்தார். நாட்டுச் சட்டத்துக்கும் அடங்கி நடக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார். அங்கியணிந்தவர் என்பதற்காக எவருக்கும் விலக்கில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதே நமக்கு முதல் சோதனை.

பங்கு மக்களே, பெரிய ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பேர், ஆறு மாதப் பொறுமை, இவை போதும். இன்று என்ன நிலைமை என்பதை எழுதி வையுங்கள். இதை எழுதாமல் தொடங்கினால் பின்னால் ஒப்பிட ஒன்றுமிராது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். கூடியிருந்தால் கூடியது என்றும், குறைந்திருந்தால் குறைந்தது என்றும், மாறவில்லையென்றால் மாறவில்லை என்றும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மேலிடத்தை மகிழ்விக்க எழுதும் கணக்கினால் ஒரு பிள்ளையும் பிழைக்காது.

சங்கக் கூட்டங்களில் ஆராய வேண்டிய கேள்விகள்

1. நம் வார்டிலோ கிராமத்திலோ குழந்தைகள் பாதுகாப்புக் கமிட்டி இருக்கிறதா? உறுப்பினர்களில் மூன்று பேரின் பெயர் நமக்குத் தெரியுமா?

2. எந்தத் தெருவிலுள்ள, எந்த நிலையிலுள்ள பிள்ளைகள் அந்தக் கமிட்டிக்கு மிகவும் தூரத்தில் இருக்கிறார்கள்?

3. சென்ற இரண்டு வருஷங்களில் நம் பகுதிப் பள்ளியிலிருந்து நின்றுபோன பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை?

4. பக்கத்து முகாமிலுள்ள பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்களா? முகாம்ப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் நம்மில் யார் துணைக்குப் போவார்?

5. முதலில் சொன்ன பதினைந்து வயதுப் பெண் நம் தெருவில் இருந்தால், அவள் தட்டக்கூடிய கதவு எது? அந்தக் கதவு நம்முடையதா?

விடைகளை எழுதி, மாத முடிவுக்குள் சங்கத் தலைவரிடம் சேர்ப்பியுங்கள். பிள்ளைகளின் பெயரை மாத்திரம் எழுத வேண்டாம்.